பெரியண்ணனின் கிட்னி

பாளையங்கோட்டை

ஏட்டி கோமு,

போனில் நீ கேட்ட எதற்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மதினி பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? இப்போது பெரியண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கிறார், பேப்பர் படிக்கிறார், சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போடுகிறார். முதலில் இதைத் தெரிந்துகொண்டு மேலே படி.

அத்தானுக்கு ஓசூர் குளிர் ஒத்துக்கொள்கிறதா? பேத்திக்குப் பல் முளைத்த போட்டோ பார்த்தேன். அப்படியே உன் மாமியார். சும்மா சொல்லவில்லை, அந்த மேல் உதட்டைப் பாரு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று விடியற்காலையில் நெஞ்சைப் பிசைகிறது என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வழக்கம்போல வாயு என்று சொல்லி ஓமவாட்டர் கேட்டிருக்கிறார். மதினி கொடுக்கவில்லை. பனியன் நனைந்து ஒட்டுகிற அளவுக்கு வியர்த்திருப்பதைப் பார்த்தவுடன் எதிர்வீட்டுப் பையனை எழுப்பிக் காரை எடுக்கச் சொல்லிவிட்டார். எட்டாங்கிளாஸோடு நின்ற மதினி எடுத்த அந்த ஒரு முடிவுதான் அவரைக் காப்பாற்றியது என்று டாக்டரே சொன்னார். இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் முழுசாக அடைத்திருந்தது. கையிலேயே குழாய் விட்டு ஆஞ்சியோ பார்த்து, அப்போதே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். எக்கோ ஸ்கேனில் பம்பிங், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் நிறைந்த ரத்தத்தில் வெளியே தள்ளுகிற பங்கு, 35 சதவீதம் என்று வந்தது. 55க்கு மேல் இருக்க வேண்டியது.

நாங்கள் எல்லாரும் அந்த மானிட்டரில் ஓடுகிற பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிரச்சினை கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் ஆரம்பித்தது.

ஐசியூவில் நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி நர்ஸாக இருந்தாள். மணிக்கொரு தரம் குனிந்து, யூரின் பையோடு சேர்ந்த அளவு டப்பாவைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, சார்ட்டில் எழுதுவாள். முதல் நாள் பகலில் 60, 50 என்று போனது. ராத்திரி 25, அப்புறம் 20. நிறமும் நன்றாகக் காய்ச்சிய தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. "அக்கா, இவங்க எடைக்கு மணிக்கு முப்பது மில்லியாவது வரணும்" என்றாள். எடைக்கு ஒரு கிலோவுக்கு அரை மில்லி கணக்கு; அண்ணன் 60 கிலோ. அதற்குக் குறைந்து ஆறு மணி நேரம் போனால் கிட்னிக்கு அடி என்று எடுத்துக்கொள்வார்களாம். வந்த அன்று 1.1 இருந்த கிரியேட்டினின் மறுநாள் 1.6, அதற்கடுத்து 2.3.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "கிட்னியும் அடி வாங்கியிருக்கு, பார்ப்போம்" என்று இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். வெளியே காத்திருந்த நம் ஆட்களுக்கு அது போதும். சாயங்காலத்துக்குள் "கிட்னி ரெண்டும் போச்சாம், டயாலிசிஸாம்" என்று செய்தி வள்ளியூர் வரை போய்விட்டது. சின்னத்தை அங்கிருந்தே அழுகிறாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு குடும்பத்தைக் கதிகலங்க வைக்கிற வார்த்தையைச் சொல்கிறவர், அது ஏன் நடக்கிறது என்று இரண்டு நிமிஷம் நின்று சொல்லக்கூடாதா?

இந்தக் கடிதமே அதற்காகத்தான். இதை வேறு யாரிடம் நான் பேசுவேன்? ஞானம் மிஸ் ரெக்கார்டு நோட்டில் உன் நெஃப்ரான் படத்தைத்தானே எல்லாருக்கும் தூக்கிக் காட்டுவார்! அந்தப் படத்தில், ரத்தத்தை வடிகட்டுகிற முடிச்சான குளோமெருலஸுக்குள் ரத்தம் நுழைகிற சின்னக் குழாயின் சுவரில் கொஞ்சம் பருத்த செல்களாக வரைந்து பக்கத்தில் அம்புக்குறி போடுவாயே, பெரியண்ணனின் கதை முழுக்க அந்த அம்புக்குறியில்தான் இருக்கிறது.

யோசித்துப் பாரு. இரண்டு கிட்னியும் சேர்ந்து 300 கிராம் எடை. ஆனால் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவற்றுக்குத்தான் போகிறது. நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். இதயத்தின் முன்சுவர் அடிபட்டு பம்பிங் இறங்கினால் அந்த ஓட்டம் குறைகிறது. கிட்னிக்கு மாரடைப்பு என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிவது ஒன்றுதான்: என்னிடம் வரும் ரத்தம் குறைந்துவிட்டது, அழுத்தம் இறங்கிவிட்டது. லட்சக்கணக்கான வருஷமாக உடம்பில் அழுத்தம் இறங்கினால் அதற்குக் காரணம் காயம்பட்டு ரத்தம் போனது, இல்லாவிட்டால் வாந்திபேதி, தண்ணீரில்லாத வறட்சி. அதனால் கிட்னி, "ஆள் ரத்தம் இழந்துகொண்டிருக்கிறான், இருப்பதைக் காப்பாற்று" என்று முடிவெடுக்கிறது.

நம் தாமிரபரணி வாய்க்காலில் நீர்பாய்ச்சிக்காரர் இருப்பார் இல்லையா, அவர் செய்கிற காரியம்தான் இது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு மடையாக அடைத்து, சொட்டு வீணாகாமல் குளத்தில் தேக்குவார். மேலே அணையில் ஷட்டர் பழுதாகித்தான் தண்ணீர் வரவில்லை என்று அவருக்கு யார் போய்ச் சொன்னார்கள்? அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்.

மடையை அடைக்கிற வேலையை உன் அம்புக்குறி செல்கள் தொடங்கிவைக்கின்றன. அவை ரெனின் என்கிற என்சைமை விடும். ஈரலிலிருந்து வந்து ரத்தத்தில் மிதக்கிற ஒரு புரதத்தை ரெனின் வெட்டும். வெட்டிய துண்டை, முக்கியமாக நுரையீரலில் இருக்கிற ஏசிஇ என்சைம் இன்னொரு முறை வெட்ட, ஆஞ்சியோடென்சின்-2 என்கிற பொருள் பிறக்கும். அது உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களை இறுக்கும். கிட்னிக்கு மேலே உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டீரோன் என்கிற ஹார்மோனை விடச் சொல்லும். உப்பு வெளியே போகாது, உப்போடு தண்ணீரும் போகாது. மூளையில் தாகத்தைக் கிளப்பும். அண்ணன் அந்த இரண்டு நாளும் "தண்ணி, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், கோமு. பஞ்சை நனைத்து உதட்டில் வைக்க மட்டும்தான் விட்டார்கள். மதினி அதைத் தாங்கமாட்டாமல் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். தாகமும் கிட்னி போட்ட உத்தரவுதான் என்று அவரிடம் எப்படி விளக்குவது?

இதில் எனக்கு மயிர்க்கூச்செறிகிற இடம் ஒன்று உண்டு. ஆஞ்சியோடென்சின், குளோமெருலஸிலிருந்து ரத்தம் வெளியேறுகிற குழாயைத்தான் அதிகமாக இறுக்குகிறது. உள்ளே வருவது குறைந்தாலும், போகிற வழியை நெருக்கிவிட்டால் நடுவில் அழுத்தம் நிற்கும், வடிகட்டுவது நின்றுபோகாது. தான் பட்டினி கிடக்கிற நேரத்திலும் வேலையை விடாமல் செய்ய அது கண்டுபிடித்த உபாயம். இதைப் போய் "கிட்னி போச்சு" என்கிறார்கள்.

ஆனால் அந்த விசுவாசமே ஆளைக் கொல்லப் பார்க்கும், அதுதான் சங்கடம். இழந்தது ரத்தம் இல்லையே. இருக்கிற ரத்தத்தையே தள்ள முடியாத இதயத்துக்கு இன்னும் தண்ணீர் சேர்ந்தால் அது எங்கே போகும்? நுரையீரலில் ஏறும். மூன்றாம் நாள் அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, படுக்க முடியவில்லை, தலையணையில் சாய்ந்தே இருந்தார். கணுக்காலுக்கு மேலே விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. நான் அழுத்திப் பார்த்தேன். குழி மெதுவாக மேலே வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

போதாததற்கு ஆஞ்சியோவில் செலுத்திய அயோடின் கலந்த மருந்து வேறு. ரத்தக் குழாய் படத்தில் தெரிவதற்கு அது இல்லாமல் முடியாது. அண்ணனுக்கு அது உயிர்மருந்து. ஆனால் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கிற கிட்னி வழியாகத்தான் அது வெளியேற வேண்டும். சாதாரணமாக அதற்கு சலைன் ஏற்றிக் கழுவிவிடுவார்கள். இங்கே சலைன் ஏற்றினால் நுரையீரல் தாங்காது. கிட்னிக்குத் தண்ணீர் வேண்டும், நுரையீரலுக்குக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று முடிவெடுக்கிறவர்களை நினைத்தால், அந்த இரண்டு வார்த்தை டாக்டர் மேலிருந்த கோபம்கூடக் கொஞ்சம் குறைந்தது.

அப்புறம்தான் கிட்னி டாக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர், நின்று பேசினார். வந்ததும் லேசிக்ஸ் ஊசியைக் கூட்டி, சிரிஞ்ச் பம்ப் வைத்து விடாமல் ஓட்டச் சொன்னார். நம்ம முருகேசன் மாப்பிள்ளை குதித்துவிட்டார். "கிட்னி காஞ்சு கிடக்கு, அதுல இருக்கிற நீரையும் எடுக்கிற ஊசியா?" நியாயமான கேள்விதான், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். உன் படத்தின் அழகு அதில் இல்லை, ஆனால் புரிந்தது. ரத்தம் வந்துசேராதது பாதிக் காரணம்தான். இதயம் ஏற்றுக்கொள்ளாத ரத்தம் சிரைகளில் பின்னோக்கித் தேங்கி, கிட்னியின் வெளிவாசலிலும் அழுத்தம் ஏறியிருக்கிறது. உள்ளே வருகிற அழுத்தத்துக்கும் வெளியே நிற்கிற அழுத்தத்துக்கும் வித்தியாசம் இருந்தால்தானே ஓடும்? தேக்கத்தை வடித்தால் கிட்னி தானாக மூச்சு விடும் என்றார்.

சொன்னபடியே நடந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு அந்த நாகர்கோவில் பெண் வெளியே வந்து, சார்ட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். 180. அடுத்த மணிக்கு 220. விடிவதற்குள் பையை இரண்டு தடவை காலி செய்தார்கள். எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட இப்படிச் சந்தோஷப்பட்டேனா தெரியவில்லை. கிரியேட்டினின் 2.3இல் நின்றது, அப்புறம் 1.9, வீட்டுக்கு வரும்போது 1.4. கிரியேட்டினின் எப்போதும் பின்னால்தான் வரும். கிட்னி தளர்ந்த பிறகு ஏறும், தேறிய பிறகு இறங்கும். மூத்திரம்தான் முதலில் சேதி சொல்கிறது.

வார்டுக்கு மாறியதும் அடுத்த கூத்து. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கையில் இளநீர். "மூத்திரம் கம்மியாப் போச்சாமே, உடம்புச் சூடு, ரெண்டு இளநி குடிச்சா சரியாயிரும்." ஒருத்தர் வாழைத்தண்டுச் சாறு. சின்னத்தை நெருஞ்சிமுள் கஷாயம் கொண்டுவந்து, நான் தடுத்ததற்கு என்னோடு பேசாமல் போய்விட்டாள். அன்பாகத்தான் கொண்டுவருகிறார்கள், தெரியும். ஆனால் தளர்ந்த கிட்னியால் பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியாது. அன்றைக்கு அண்ணனுக்கு 5.6 இருந்தது, 5க்குள் நிற்க வேண்டியது. பொட்டாசியம் ஏறினால் ஏற்கெனவே புண்ணான இதயம் தாளம் தப்பி நின்றே போகலாம். இளநீரில் இருப்பதோ அத்தனையும் பொட்டாசியம். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கிறார்களே, அதுவும் பொட்டாசியம் குளோரைடுதான்; மருமகன் அக்கறையாக வாங்கி வந்தான், திருப்பிக் கொடுத்துவிட்டேன். தண்ணீரும் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான். மதினி காலையில் பாட்டிலில் அளந்து வைத்துவிடுகிறார். மோர், காப்பி, ரசம் எல்லாம் அதில் கழிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் எடை. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஏறுவது சதை அல்ல, நீர்.

கோமு, இந்த ரெனினைக் கண்டுபிடித்த கதை உனக்கு நினைவிருக்கிறதா? நமக்கு ஒரே வரியில் நடத்தினார்கள். 1898இல் ஸ்டாக்ஹோமில் டீகர்ஸ்டெட் என்பவரும் அவர் மாணவர் பெர்க்மனும் முயலின் கிட்னியை அரைத்துச் சாறெடுத்து இன்னொரு முயலுக்குச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. கிட்னியில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று எழுதி வைத்தார்கள். பல வருஷம் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 1934இல் அமெரிக்காவில் கோல்ட்பிளாட் என்பவர் நாயின் கிட்னிக்குப் போகிற ரத்தக் குழாயில் கிளிப் போட்டு நெருக்கினார். அழுத்தம் ஏறி நின்றது. பெரியண்ணனுக்கு இதயம் செய்ததை அந்த நாய்க்கு ஒரு கிளிப் செய்திருக்கிறது: கிட்னிக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்தது.

மருந்து வந்த வழி இன்னும் ஆச்சரியம். பிரேசிலில் ஜராராக்கா என்று ஒரு விரியன். கடித்தால் ரத்த அழுத்தம் மடமடவென்று சரியும். அதன் விஷத்தை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரைராவின் வேலையிலிருந்து, அது ஏசிஇ என்சைமைத் தடுக்கிறது என்று தெரியவந்தது. அதைப் பின்பற்றி கஷ்மனும் ஒண்டெட்டியும் வாயில் போடுகிற மாத்திரையாக கேப்டோப்ரில் செய்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாரடைப்பு வந்து பம்பிங் 40 சதவீதத்துக்கோ அதற்குக் கீழேயோ இறங்கிய 2,231 பேரை வைத்துப் பார்த்து 1992இல் வெளியான ஆய்வில், இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் சாவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இதயத்தை உதைத்து வேகப்படுத்துகிற மருந்து இல்லை இது, கவனி. கிட்னி போட்ட உத்தரவைப் பாதி வழியில் மடக்குகிற மருந்து. இதயம் தப்பியது கிட்னியின் வாயை அடைத்ததால்!

இதயமும் சும்மா இருப்பதில்லை. அதே 1981இல் கனடாவில் டி போல்ட் என்பவர், எலி இதயத்தின் மேலறையிலிருந்து சாறெடுத்து வேறு எலிகளுக்குச் செலுத்த, அவை உப்பும் நீருமாகக் கொட்டித் தீர்த்தன. சுவர் விரியும்போது இதயமே "போதும், தண்ணீரை விடு" என்று கிட்னிக்குச் சொல்லி அனுப்புகிறது. அண்ணனுக்கு எடுத்த பிஎன்பி டெஸ்ட், அந்தக் குடும்பத்துப் பொருளை அளப்பதுதான். எக்கச்சக்கமாக இருந்தது. இதயம் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கிட்னியின் காதில் ரெனின் சத்தம்தான் பெரிதாக விழுந்திருக்கிறது. நாம் படித்த காலத்துப் புத்தகத்தில் இது ஏறவேயில்லை. நான் ரிட்டையர் ஆகிற வரை பாடத்தில் கிட்னி ஒரு வடிகட்டி, இதயம் ஒரு பம்ப், அவ்வளவுதான். இரண்டும் ராப்பகலாகப் பேசிக்கொள்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பீரியட் கிடைத்திருந்தால்!

அண்ணனுக்கு இப்போது கேப்டோப்ரில் குடும்பத்து ராமிப்ரில், ரொம்பச் சின்ன அளவில். ஆரம்பித்த வாரத்தில் கிரியேட்டினின் 1.4லிருந்து 1.6 ஆனது. மருமகன் மாத்திரையை நிறுத்தவே சொல்லிவிட்டான். நான் விடவில்லை, போன் போட்டுக் கேட்டேன். நெருக்கி வைத்த வெளிக்குழாயை மருந்து தளர்த்துகிறது, வடிகட்டும் அழுத்தம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 30 சதவீதம் வரை ஏறினால் பொறுத்துப் பார்க்கலாம், பொட்டாசியத்தைக் கூடவே பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இப்போது 1.5இல் நிற்கிறது.

இனிமேல் எழுதப்போவதை நீ தாண்டிப் போகக்கூடாது. உட்கார்ந்து படி.

பொங்கலுக்கு வந்தபோது உன் டப்பாவைப் பார்த்தேன். பிரஷருக்கு டெல்மிசார்டன், அதோடு சேர்ந்தே நீர் பிரிகிற மருந்து. அதற்குப் பக்கத்தில் முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக், மெடிக்கலில் நீயே கேட்டு வாங்கியது. "ஒண்ணு போட்டா மாடிப்படி ஏறிருவேன்டி" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு அண்ணன் ஐசியூவில் இருந்த ராத்திரியில் எனக்கு நினைவுக்கு வந்து தூக்கம் போய்விட்டது.

உன் படத்தையே எடுத்துக்கொள். குளோமெருலஸுக்குள் நுழைகிற குழாயை விரித்துப் பிடித்திருப்பது கிட்னியே சுரக்கிற புரோஸ்டாகிளாண்டின் என்கிற பொருள். வலி மாத்திரை அதை நிறுத்திவிடும், உள்வழி சுருங்கும். டெல்மிசார்டன், ஆஞ்சியோடென்சினை வேலை செய்யவிடாமல் தடுத்து, வெளிவழியைத் தளர்த்தும். நீர் மாத்திரை ரத்தத்தின் அளவையே குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் நடுவில் அழுத்தம் எங்கேயிருந்து வரும்? ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்து நீ தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் போதும், கிட்னிக்கு அன்றைக்கே ஆபத்து. மாரடைப்பு இல்லாமலேயே. உனக்குச் சர்க்கரையும் இருக்கிறது. உன் அப்பா எதில் போனார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டாம்.

பிரஷர் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, அது வேறு வினை. வலி மாத்திரையை மட்டும் டாக்டரிடம் காட்டி, இதற்குப் பதில் என்ன என்று கேள். தடவுகிற மருந்து, பிசியோதெரபி, பாராசிட்டமால், எதையாவது அவர் சொல்வார். ரத்தத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும், மூத்திரத்தில் ஆல்புமின் என்கிற புரதமும் பார்க்கச் சொல். கிரியேட்டினின் மட்டும் பார்த்து "நார்மல்" என்று எனக்கு அனுப்பாதே. கிட்னி பாதி வேலையை இழக்கிற வரைக்கும்கூட அது நார்மலாகவே காட்டும். ஆல்புமின் முன்னாலேயே சொல்லிவிடும்.

உனக்கு ஊசி என்றால் இன்றைக்கும் பயம் என்று தெரியும். அத்தானைக் கூட்டிக்கொண்டு போ. இல்லாவிட்டால் உன் மருமகளிடம் சொல், அவளுக்கு உன் மேல் உண்மையான அக்கறை இருக்கிறது, நீதான் ஒத்துக்கொள்ள மாட்டாய்.

பெரியண்ணன் உன்னைக் கேட்டார். கொடியேற்றத்துக்கு நீ வருவதாக நானாகவே சொல்லிவிட்டேன், அதனால் டிக்கெட் போட்டுவிடு. அவர் முன்னால் ஊறுகாய் பாட்டிலைத் திறக்காதே, உனக்கு வேண்டுமென்றால் அடுக்களையில் வைத்துத் தின்றுகொள். ரிப்போர்ட் வந்த அன்றே போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் திங்கட்கிழமை காலையில் உன் மருமகளுக்கு நானே போன் போடுவேன்.

இப்படிக்கு,
ராஜம்